நடுகற்களும் ஏரிகளும்: மும்மைக் கிடங்கில் புவியிட இண்டெக்ஸைச் சேர்ப்பது எப்படி?

அரூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள நடுகற்களைப் பற்றிய செய்திகளை நானும் உடன் பணியாற்றும் சில ஆசிரியர்களும் விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று திரட்டி வருகிறோம். கல் நிற்கும் ஊர், காலம், கல்வெட்டு வாசகம், வீரன் மாண்ட காரணம், உடன் செதுக்கப்பட்டுள்ள உருவங்கள் ஆகிய அனைத்தையும் ஆர்டிஎஃப் மும்மைகளாக, அதாவது எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்று உறுப்புகளாக எழுதி, அப்பாச்சி ஜீனா ஃபுசெகி என்ற மும்மைக் கிடங்கில் ஏற்றியிருக்கிறோம். ஆநிரை மீட்டு மாண்டவர்களின் கற்கள் எவை, புலியோடு பொருது மாண்டவர்களின் கற்கள் எவை என்று ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்டால் விடை உடனே வந்துவிடுகிறது.

இடத்தைப் பற்றிக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2003ஆம் ஆண்டு வெளியிட்ட எளிய புவிச் சொற்தொகுதியைப் பின்பற்றி, ஒவ்வொரு கல்லுக்கும் அட்சரேகையை ஒரு மும்மையாகவும் தீர்க்கரேகையை மற்றொரு மும்மையாகவும் எழுதினோம். பின்னர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து இரு மாவட்டங்களின் ஏரிகள், ஆறுகள், சாலைகள், ஊர்கள் ஆகியவற்றையும் அவ்வாறே புள்ளிகளாக மாற்றிச் சேர்த்தோம். இப்போது "ஏரியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உள்ள ஆநிரை மீட்ட கற்கள்" என்று கேட்டால், ஒரு பாடவேளை முழுவதும் காத்திருந்தும் விடை வராமல் வினவலை நிறுத்த வேண்டியதாகிறது. பிழை எங்கே இருக்கிறது, எதைச் சேர்த்தால் இது சீராகும் என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

ஓசூர் நிரலாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் கிடங்கு பழுதாகவில்லை. எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையை அது சரியாகவே செய்கிறது. மும்மைக் கிடங்கு ஒவ்வொரு பெயருக்கும் மதிப்புக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்களால் ஆன மும்மைகளை எழுவாய் முதலாக ஒரு வரிசையிலும், பயனிலை முதலாக ஒரு வரிசையிலும், செயப்படுபொருள் முதலாக ஒரு வரிசையிலும் அடுக்கி வைக்கிறது. ஜீனாவின் டிடிபி கிடங்கு இந்த மூன்று வரிசைகளைக் கொண்டுதான் இயங்குகிறது. இவற்றில் எதை எடுத்தாலும் அது ஒற்றைக் கோட்டில் நிற்கும் வரிசை. நிலமோ இரண்டு திசைகளில் விரிந்து கிடப்பது.

நம் ஊர்களைக் கொண்டே இதைக் காட்டலாம். தருமபுரி நகரமும் ஒகேனக்கல்லும் ஏறத்தாழ 12.12 டிகிரி என்ற ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அட்சரேகைகளை வரிசைப்படுத்தி வைத்தால் இவ்விரண்டும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். இடையே நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்கு மேல் இருப்பது அந்த வரிசைக்குத் தெரியாது. சரி, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்வோம் என்றால், 78.16இல் உள்ள தருமபுரிக்குப் பக்கத்தில் 78.21இல் உள்ள கிருஷ்ணகிரி வந்து நிற்கும். அதுவும் 40 கிலோமீட்டருக்கு மேல்தான். ஆகவே இரண்டு எண்களையும் தனித்தனியாக வடிகட்டும் வினவல் ஒவ்வொன்றும், கிழக்கு மேற்காக ஒரு நீண்ட நாடாவையும் வடக்கு தெற்காக மற்றொரு நீண்ட நாடாவையும் அள்ளி எடுத்து, அவை குறுக்கிடும் சிறு கட்டத்தைத் தேடுகிறது. போதாக்குறைக்கு, உங்கள் வினவல் ஒவ்வொரு கல்லையும் ஒவ்வோர் ஏரியோடும் இணைத்துத் தொலைவு கணக்கிடுகிறது. கற்களின் எண்ணிக்கையை ஏரிகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

இதற்கான மருந்து 1984இல் ஆன்டனின் கட்மன் வகுத்த ஆர்-மரம் என்ற புவியிட இண்டெக்ஸ், அதாவது இடத்தைக் கொண்டு விரைந்து தேட உதவும் அடுக்கு. அருகருகே உள்ள பொருட்களைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி, அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சுற்றி ஒரு பெரிய பெட்டி, அவற்றையும் சுற்றி இன்னொரு பெட்டி என்று அடுக்கிக்கொண்டே போவது அதன் அமைப்பு. தேடும் இடத்தைத் தொடாத பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை. பெட்டி தொட்டது என்பதனாலேயே உள்ளிருக்கும் பொருளும் தொட்டுவிட்டது என்று கொள்ள முடியாது. ஆதலால் முதலில் பெட்டிகளைக் கொண்டு சலித்து, சல்லடையில் தங்கியவற்றை மட்டும் உண்மையான வடிவத்தோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தென்பெண்ணையை ஒரே கோடாகச் சேர்த்து வைத்திருந்தால், நந்தி மலையில் பிறந்து கடலூரை அடையும் அந்த ஆற்றின் பெட்டிக்குள் நம் இரு மாவட்டங்களின் பெரும்பகுதி அடங்கிவிடும். அப்போது எந்தக் கல்லைக் கேட்டாலும் சலித்த பிறகும் தென்பெண்ணை சல்லடையிலேயே தங்கியிருக்கும். சாய்வாக ஓடும் நீண்ட கோடுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெட்டி கொடுத்து ஏற்றுங்கள். மென்பொருளின் பதிப்பை மாற்றுவதைக் காட்டிலும் இந்த ஒரு வேலை கூடுதல் பயன் தரும் என்பது என் அனுபவம்.

பென்னாகரம் மாணவர் எழுதியது:

ஐயா, ஓர் ஐயம். ஆர்-மரம் இல்லாமலே, இடத்தைக் குறிக்கும் ஜியோஹாஷ் எழுத்துகளை ஒவ்வொரு கல்லுக்கும் ஏரிக்கும் ஒரு மும்மையாக எழுதிவிட்டால், இப்போதுள்ள மூன்று வரிசைகளே போதுமல்லவா? ஒரே எழுத்துகளில் தொடங்குபவை அருகருகே இருப்பவை என்றுதான் கல்லூரியில் படித்தோம்.

ஓசூர் நிரலாளர் எழுதியது:

தம்பி, யோசனை நல்லது, பாதி உண்மை. 2008இல் குஸ்தாவோ நீமேயர் வெளியிட்ட ஜியோஹாஷ் முறை உலகத்தை மாறி மாறிப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு எழுத்துக்கோவையைப் பெயராகத் தருகிறது. ஒரே தொடக்க எழுத்துகளை உடைய இரண்டு இடங்கள் ஒரே கட்டத்துக்குள் இருப்பது உறுதி. ஆனால் அருகருகே உள்ள இரண்டு இடங்கள் ஒரே எழுத்துகளில் தொடங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மூன்று எழுத்துள்ள கட்டம் ஒவ்வொன்றும் 1.40625 டிகிரி அகலமும் அதே அளவு உயரமும் உடையது. அந்தக் கட்டங்களின் எல்லைக் கோடுகளில் ஒன்று 12.65625 டிகிரி அட்சரேகை. அது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, சூளகிரியை ஒட்டிச் செல்கிறது. ஓசூரின் ஜியோஹாஷ் டி, டி, ஆர் என்றும் கிருஷ்ணகிரியின் ஜியோஹாஷ் டி, டி, பி என்றும் தொடங்குகின்றன. சூளகிரிப் பக்கத்தில் அந்தக் கோட்டுக்கு வடகரையில் ஒரு கல்லும் தென்கரையில் ஓர் ஏரியும் கூப்பிடு தொலைவில் இருந்தாலும், மூன்றாம் எழுத்திலேயே அவை பிரிந்துவிடும். நீ தொடக்க எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் அந்த ஏரி உன் கண்ணில் படவே படாது.

ஆகவே தான் நிற்கும் கட்டத்தோடு சுற்றியுள்ள 8 கட்டங்களையும் சேர்த்து, 9 கட்டங்களைக் கேட்க வேண்டும். வந்தவற்றுக்குப் பிறகு தொலைவையும் கணக்கிட வேண்டும். தேடும் ஆரத்தைவிடச் சிறிய கட்டத்தை எடுத்துக்கொண்டால் 9 கட்டங்களும் போதா. இவ்வளவையும் செய்தால் எந்தச் செருகுநிரலும் இல்லாத கிடங்கிலும் இம்முறை இயங்கும் என்பது இதன் பெரிய நன்மை. கல் என்பது புள்ளி. அதற்கு இது பொருந்தும். ஏரி பல கட்டங்களில் பரந்து கிடப்பதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மும்மை எழுத வேண்டிவரும். ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் ஆர்-மரமே தக்கது என்பேன்.

கிருஷ்ணகிரி நில அளவர் எழுதியது:

இண்டெக்ஸைப் பற்றி நிரலாளர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். அதற்கு முன்னால் எண்கள் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்; என் பணிக்காலத்தில் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நிகழ்ந்தன.

மும்மைகளில் இடத்தை எழுதவும் கேட்கவும் உதவும் ஜியோஸ்பார்க்கிள் தரத்தில் வடிவத்தை டபிள்யூகேடி லிட்டரலாக, அதாவது ஆள்கூறுகளை அடுக்கிய எழுத்துக்கோவையாக எழுதும்போது ஆள்கூற்று முறையைக் குறிப்பிடாவிட்டால், சிஆர்எஸ்84 என்று கிடங்கு எடுத்துக்கொள்ளும். அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. இபிஎஸ்ஜி 4326 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டாலோ, அட்சரேகைதான் முதலில் வர வேண்டும். கையடக்க ஜிபிஎஸ் கருவி அட்சரேகையை முதலில் காட்டுகிறது. அதைப் பார்த்து அப்படியே 12.12, 78.16 என்று எழுதிவிட்டால், தருமபுரியில் நிற்கும் கல் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் போய் விழும். எனக்கு ஒருமுறை வந்து சேர்ந்த ஏரிக் கோப்பு ஒன்றில் பாதி வரிகள் இவ்வாறு தலைகீழாக இருந்தன; இரண்டு நாள் உழைப்பு அதில் போயிற்று. இத்தகைய ஒரு புள்ளி ஆர்-மரத்துக்குள் சென்றால், அது அடங்கிய பெட்டி தருமபுரியிலிருந்து வட துருவத்தின் அருகு வரை நீண்டுவிடும், வேகமும் கெடும். ஏற்றும் முன்பே, இரு மாவட்டங்களையும் தழுவிய ஒரு செவ்வகத்துக்கு வெளியே விழும் புள்ளிகளை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

அடுத்தது தொலைவு. டிகிரியில் ஆரம் வைத்தால் வட்டம் வட்டமாக இராது. நம் பகுதியில் அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், தீர்க்கரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 109 கிலோமீட்டர். வேறுபாடு இங்கே சிறிதுதான் என்றாலும், மீட்டரில் கேட்பதே முறை. உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் சமதளத்துக்கு மாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் 43ஆம் மண்டலத்தையும் 44ஆம் மண்டலத்தையும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை நம் இரு மாவட்டங்களின் ஊடாகவே செல்கிறது. ஓசூரும் பென்னாகரமும் 43இல் இருக்கின்றன. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் பாலக்கோடும் 44இல் இருக்கின்றன. இரண்டு மண்டலங்களின் எண்களைக் கலந்து தொலைவு கணக்கிட்டால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. இரு மாவட்டங்களுக்கும் 44ஆம் மண்டலம் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான் பிழை வரும், உங்கள் ஆய்வுக்கு அது பொருட்டன்று.

என் கருத்தாக ஒன்று: இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக அனைத்தையும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் வைத்துவிட்டால் என்ன? புவியிட வேலைக்கு அது பல ஆண்டுகளாகப் பழுத்த கருவி.

அரூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டதை நாங்களும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். ஒரு கல்லில் மூன்று நிலைகளில் சிற்பங்கள் இருக்கும். மற்றொன்றில் எழுத்து மட்டும் இருக்கும். வேறொன்றில் வீரனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணின் உருவமும் இருக்கும். இவற்றை அட்டவணைப் பத்திகளாக வகுக்க முயன்றபோது, ஒவ்வொரு புதிய ஊருக்கும் ஒரு புதிய பத்தி சேர்க்க வேண்டியதாயிற்று. மேலும், விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ள ஊர்ப்பெயர்களோடும் அரச மரபுகளோடும் எங்கள் கற்களை இணைக்க விரும்புகிறோம். ஆகவே மும்மைகளைக் கைவிட மனமில்லை.

ஓசூர் நிரலாளர் எழுதியது:

நில அளவர் ஐயாவின் கேள்விக்கு இடைவழி ஒன்று உண்டு. ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்ட்ராபன் என்ற கிடங்கு, மும்மைகளையும் வடிவங்களையும் போஸ்ட்ஜிஐஎஸ் மேலேயே வைத்து, ஸ்பார்க்கிள் வினவலை எஸ்கியூஎல் என்ற அட்டவணைத் தரவுத்தள மொழிக்கு மாற்றி அனுப்புகிறது. விக்கித்தரவின் வினவல் சேவையோ பிளேஸ்கிராஃப் கிடங்கில் "சுற்றியுள்ளவை", "பெட்டிக்குள் உள்ளவை" என்ற இரண்டு சேவைகளை மட்டும் சேர்த்துக்கொண்டது. அங்கே ஆள்கூறு என்பது பி625 என்ற பண்பின் கீழ் உள்ள புள்ளி மட்டுமே. உங்களுக்கு ஏரிக்கரை வேண்டும், ஆகவே புள்ளி போதாது. நீங்கள் ஜீனாவிலேயே ஜியோஸ்பார்க்கிள் பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜியோஸ்பார்க்கிள் என்பது புவியிடத் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2012இல் வெளியிட்ட தரம், 1.1 பதிப்பு 2024இல் வந்தது. அதில் முதன்மையானது, பொருளையும் வடிவத்தையும் பிரித்து வைக்கும் வழக்கம். ஏரி ஒரு பொருள். அதன் பலகோணம் வேறொரு கணு. அந்தக் கணுவின் கீழ்தான் டபிள்யூகேடி லிட்டரல் வரும். உள்ளே இருத்தல், தொடுதல், குறுக்கிடுதல் முதலிய உறவுகளை எளிய வடிவங்கள், எகன்ஹோஃபர், ஆர்சிசி8 என்ற மூன்று குடும்பப் பெயர்களில் அது தருகிறது. நீங்கள் முதல் குடும்பத்தோடு நின்றால் போதும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் இந்த இழையில் மிக முக்கியமாகக் கருதுகிறேன். புவியிட இண்டெக்ஸைச் சேர்த்துவிட்டால் வினவல் தானாக வேகம் பெறும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்-மரத்தின் இலைகளில் இருப்பது நடுகல்லின் முழுச் செய்தி அன்று, பெட்டியும் ஓர் அடையாளமும் மட்டுமே. அந்த அடையாளம் வடிவத்தைக் குறித்தால் அங்கிருந்து பொருளுக்கு ஒரு தாவல், அந்தப் பொருள் ஏரிதானா என்று பார்க்க இன்னொரு தாவல். உங்கள் கிடங்கில் சாலைகளும் ஊர்களும் நிறைந்திருப்பதால், ஒரு கல்லைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் ஆர்-மரம் தருவதில் பெரும்பகுதி சாலைத் துண்டுகளாகவே இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் இந்தத் தாவல்கள் நடந்த பிறகுதான் "இது ஏரி அன்று" என்று தள்ளப்படும். எனவே வினவலின் எந்தப் பகுதி முதலில் நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவருக்கு, மும்மை வரிசைகளும் தெரிந்திருக்க வேண்டும், ஆர்-மரமும் தெரிந்திருக்க வேண்டும். "ஆநிரை மீட்டவர் கல்" என்ற கட்டுப்பாடு மிகச் சிலவற்றையே தரும். அதை முதலில் நடத்துங்கள். அந்தச் சில கற்களைச் சுற்றி மட்டும் ஆர்-மரத்தைக் கேளுங்கள். ஏரி என்ற வகைச் சோதனையை அதன்பின் வையுங்கள்.

ஜீனாவில் இதை நீங்களேதான் கவனித்து எழுத வேண்டும். வடிகட்டியில் வைக்கும் தொலைவுச் சார்பு புவியிட இண்டெக்ஸைத் தொடாமல் ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. பயனிலையின் இடத்தில் எழுதும் புவியிடப் பண்புச் சார்புதான் இண்டெக்ஸின் வழியே செல்கிறது. இரண்டும் ஒரே விடையைத் தரும் என்பதால் முதல் வகையை எழுதிவிட்டு, இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஏரிகளையும் ஆறுகளையும் சாலைகளிலிருந்து பிரித்துத் தனித் தரவுத்தொகுதியாக வைத்துவிடுங்கள். மரத்தில் சாலைகளே இல்லையென்றால் அவற்றைத் தள்ளும் வேலையும் இல்லை.

பென்னாகரம் மாணவர் எழுதியது:

ஐயா, புதிய கல் ஒன்றைச் சேர்த்தால் மரம் தானாகத் தன்னைத் திருத்திக்கொள்ளுமா?

ஓசூர் நிரலாளர் எழுதியது:

கட்மனின் மூல ஆர்-மரம் திருத்திக்கொள்ளும். ஜீனா பயன்படுத்துவது ஜேடிஎஸ் என்ற வடிவக் கணக்கீட்டு நிரலகத்தின் எஸ்டிஆர் மரம். அது எல்லாப் பொருட்களையும் முதலிலேயே வரிசைப்படுத்தி நெருக்கமாக அடுக்கிக் கட்டப்படுவது. தேடலுக்கு அது மிக வேகமானது. ஆனால் ஒருமுறை கட்டித் தேடத் தொடங்கிய பிறகு அதில் புதிதாக எதையும் செருக முடியாது. ஆசிரியை அவர்கள் வார இறுதியில்தான் புதிய கற்களைச் சேர்க்கிறார்கள் என்பதால், ஞாயிறு இரவு மரத்தை மீண்டும் கட்டினால் போதும். நாள் முழுதும் மாறும் தரவுக்கு இந்த வழி ஆகாது.

அரூர் ஆசிரியை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு இருவருக்கும் நன்றி. வடிவம் பற்றி வேறு இரண்டு கேள்விகள் எழுகின்றன. சில கற்கள் தாம் நின்ற வயலிலிருந்து எடுத்துவரப்பட்டு, இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு எந்த இடத்தை எழுதுவது? அடுத்து, பழைய பதிப்புகளில் "தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்" என்று இருப்பதை அப்படியே மும்மையாக ஏற்றிவிட்டோம். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டக் கற்களைக் கேட்டால் அவை வருவதில்லை.

கிருஷ்ணகிரி நில அளவர் எழுதியது:

அம்மா, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று பிரிந்தது. ஒரே கல் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு மூன்று மாவட்டங்களைப் பார்த்திருக்கிறது. ஆகவே மாவட்டத்தைக் கல்லின் பண்பாக எழுதவே கூடாது. கல்லுக்குப் புள்ளியை மட்டும் கொடுங்கள். மாவட்டத்தைத் தனிப் பொருளாக வைத்து, அதன் ஒவ்வொரு காலப் பலகோணத்துக்கும் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் எழுதுங்கள். எந்த ஆண்டின் மாவட்டம் வேண்டுமோ அந்தப் பலகோணத்துக்குள் கல் இருக்கிறதா என்று வினவல் கேட்கட்டும். பதிப்பில் அச்சான மாவட்டப் பெயரை, "பதிப்பில் கண்டவாறு" என்ற வேறு பண்பின் கீழ் பாதுகாத்து வையுங்கள்; அது நூலின் செய்தி, நிலத்தின் செய்தி அன்று.

இடம் மாறிய கல்லுக்கும் பொருளையும் வடிவத்தையும் பிரித்த முறையே கைகொடுக்கும். ஒரு பொருளுக்கு எத்தனை வடிவங்களும் இருக்கலாம். கண்டெடுத்த இடம் ஒன்று, இப்போதைய இடம் ஒன்று என்று இரண்டு பண்புகளை நீங்களே வகுத்துக்கொண்டு, கண்டெடுத்த இடத்தை இயல்பு வடிவமாகக் குறியுங்கள். ஆநிரைப் பூசல் நடந்த நிலத்தை ஆராய அருங்காட்சியகத்தின் ஆள்கூறு உதவாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டோரத்தில் தனியே நிற்கும் கற்களின் துல்லியமான இடத்தைப் பொதுவில் வைக்காதீர்கள். புதையல் இருக்கும் என்று நம்பிக் கல்லைச் சுற்றித் தோண்டுபவர்கள் இருக்கிறார்கள். பொதுக் கிடங்கில் சில கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்தின் பெயரை மட்டும் கொடுங்கள். மாணவர் சொன்ன ஜியோஹாஷ் அதற்கு மிகப் பொருத்தமானது.

அரூர் ஆசிரியை எழுதியது:

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஏரிகளைப் பலகோணங்களாக மாற்றி, ஆறுகளைத் துண்டுகளாக நறுக்கி, சாலைகளைத் தனித் தொகுதிக்கு அனுப்பினோம். ஏற்றும் முன் செவ்வகச் சோதனை வைத்ததில் 4 கற்கள் ஆர்க்டிக் கடலில் இருந்தன. நால்வர் எழுதிய கோப்புகளில் ஒருவருடைய கோப்பில் மட்டும் எண்கள் இடம் மாறியிருந்தன. வினவலை நிரலாளர் ஐயா சொன்ன வரிசையில் மாற்றி எழுதி, தொலைவை வடிகட்டியிலிருந்து எடுத்துப் பண்புச் சார்பாக வைத்தோம். ஒரு பாடவேளையில் வராத விடை இப்போது எண்ணத் தொடங்கும் முன்னே வந்துவிடுகிறது.

வட்ட எல்லைகளையும் ஏற்றி, பதிப்பில் கண்ட வட்டத்துக்கும் புள்ளி விழும் வட்டத்துக்கும் வேறுபாடு உள்ள கற்களைக் கேட்டுப் பார்த்தோம். பாலக்கோடு வட்டம் என்று அச்சான கற்கள் பல காரிமங்கலம் வட்டத்துக்குள் விழுந்தன. முதலில் எங்கள் அளவீடு தவறு என்றே கலங்கினோம். பின்னர்தான் காரிமங்கலம் பாலக்கோட்டிலிருந்து பிரிந்த வட்டம் என்பது நினைவுக்கு வந்தது. அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் 2 கற்கள் மட்டும் எந்தப் பிரிவினையாலும் விளங்காமல் எஞ்சுகின்றன. ஒன்று பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், மற்றொன்று ஊத்தங்கரைப் பக்கம். இரண்டையும் நேரில் சென்று மறுபடி அளந்த பிறகு, அடுத்த ஞாயிறு இரவு மரத்தைக் கட்டுவோம்.